பூரியும் நீராவியும்

பட்டர்வொர்த்தில் உள்ள இந்திய உணவகங்களில் காலை நேரத்தில் தோசை, ரொட்டி சானாய் ஆகியவற்றோடு பூரியும் கிடைக்கும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குப் பிரட்டலோ பருப்புக் கறியோ இருக்கும். ஆனால், அந்தப் பூரியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, ஃபெரியில் ஏறிக் கடலைக் கடந்து, ஜார்ஜ் டவுனில் இறங்கிப் பிரித்தால், பந்துபோல் உப்பியிருந்தது தட்டையாகித் துவண்டு கிடக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குத்தான் பூரிக்கு அந்த உருவமும் மொறுமொறுப்பும் உண்டு. வீட்டில் சுட்டுச் சுடச்சுடத் தட்டில் போடும் பூரிக்கு எந்தப் பொட்டலமும் ஈடாகாததற்கு இதுவே காரணம்.

பூரிக்கு வேண்டிய பொருள்கள் மிகச் சில. ஆட்டா மாவு 2 குவளை, ரவை 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 1 தேக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய அரைக் குவளை. இந்த அளவில் 12 அல்லது 13 பூரிகள் சுடலாம். சிலர் சிறிது சீனியும் சேர்ப்பர். அது பூரிக்குப் பொன்னிறம் தரும். தண்ணீரை ஒரே முறையில் ஊற்றிவிடக்கூடாது. பினாங்கு போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதி. திறந்து வைத்த மாவு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எனவே, அளவுக்குவளையைவிடக் கைப்பக்குவத்தையே நம்ப வேண்டும். சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும்.

பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி 15 நிமிடங்கள் வைத்தால் போதும். ஆட்டா மாவில் தவிடும் கலந்திருப்பதால், அது நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். அதற்காகவே இந்த இடைவேளை. ரொட்டி சானாய் செய்பவர்கள் மைதா மாவை எண்ணெயில் ஊறவைத்து மணிக்கணக்கில் காத்திருப்பர். அந்த மாவு மெல்லிய துணிபோல் விரிய வேண்டும். பூரி மாவுக்கு அவ்வளவு நெகிழ்ச்சி தேவையில்லை. நெடுநேரம் ஊறித் தளர்ந்த மாவு எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும்.

கோதுமையில் குளூட்டன் எனப்படும் புரதம் உருவாகிறது. மாவைப் பிசையும்போது அது வலைபோல் பின்னிக்கொண்டு, மாவுக்கு இழுபடும் தன்மையைக் கொடுக்கிறது. அரிசி மாவில் இந்த வலை இல்லை. நம் முன்னோர் அரிசியைக் கொண்டு முறுக்கும் அதிரசமும் சுட்டார்கள். பலூன்போல் உப்பும் பூரிக்கோ கோதுமைதான் வேண்டும். மலேசியாவில் கோதுமை விளைவதில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது.

மாவைச் சிறிய எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, பூரிக்கட்டையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பலகையில் காய்ந்த மாவைத் தூவக்கூடாது. அது எண்ணெயில் உதிர்ந்து கருகும். மாறாக, இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம். வட்டம் சற்றுக் கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. கனம் மட்டும் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

இனி அடுப்பு. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக்கூடாது. ஒரு துளி மாவைப் போட்டுப் பார்த்தால், அது உடனே மேலெழும்ப வேண்டும். அப்போது எண்ணெயின் சூடு ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ். தேய்த்த பூரியை வாணலியின் ஓரமாக மெல்ல நழுவவிட்டு, துளைகள் உள்ள கரண்டியால் இலேசாக அழுத்தினால், சில வினாடிகளில் அது உப்பும்.

மாவுக்குள் இருப்பது தண்ணீர். பூரி எண்ணெயில் பட்டதும் அதன் மேற்பரப்பு இறுகித் தோலாகிறது. உள்ளே இருக்கும் நீர் 100 பாகையில் ஆவியாகிறது. நீர் ஆவியானால் அதன் பருமன் சுமார் 1,700 மடங்கு பெருகும். ஒரு தேக்கரண்டி நீர் ஏறக்குறைய 8 லிட்டர் ஆவியாகும். வெளியேற வழியில்லாத அந்த ஆவி, மேல்தோலையும் கீழ்தோலையும் பிரித்துத் தள்ளுகிறது.

“பாட்டி, என் பூரி மட்டும் ஏன் அப்பளம் மாதிரி இருக்கு?” என்று பேரப்பிள்ளைகள் கேட்பதுண்டு. “தேய்க்கும்போது ஓட்டை போட்டிருப்ப, கண்ணு” என்பார் பாட்டி. அவர் சொல்வது அறிவியலுக்கும் பொருந்தும். ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் ஆவி தப்பிவிடும். எண்ணெய் போதிய அளவு காயாவிட்டாலும் இதே கதைதான். தோல் இறுகுவதற்குள் ஆவி கசிந்துவிடும். அந்த இடத்தில் எண்ணெய் புகும். உப்பிய பூரியை உடனே கையால் பிய்ப்பதும் தவறு. உள்ளிருந்து சீறும் ஆவி விரலைச் சுட்டுவிடும்.

அதே நீராவி ஒரு வீட்டையே எரித்துவிடவும் கூடும். எண்ணெய் புகையத் தொடங்கினால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் எண்ணெய் தீப்பற்றும். பதற்றத்தில் பலருக்கும் முதலில் தோன்றுவது தண்ணீர் ஊற்றுவதுதான். தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தியானது. ஆகவே, வாணலியின் அடிக்குச் சென்று, கணத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். சரியான வழி வேறு. கைக்கு எட்டினால் எரிவாயுவை நிறுத்தி, வாணலியை உலோக மூடியால் மூட வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அடங்கும். எண்ணெய் ஆறும்வரை மூடியைத் திறக்கவோ வாணலியைத் தூக்கவோ கூடாது. தீ பரவினால் அனைவரும் வெளியேறி, 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பூரி சுடும்போது தொலைபேசியில் பேசிக்கொண்டு வரவேற்பறைக்குப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

நம் வீடுகளில் பெரும்பாலும் செம்பனை எண்ணெயே பயன்படுகிறது. பொரித்து முடித்து ஆறிய எண்ணெயை வடிகட்டி ஓரிரு முறை மீண்டும் பயன்படுத்தலாம். நிறம் கறுத்தாலோ நுரைத்தாலோ நாற்றமடித்தாலோ அதை விட்டுவிட வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். பழைய புட்டியில் ஊற்றி மூடிச் சேர்த்து வைத்தால், மறுசுழற்சிக்காக வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம். அவ்வெண்ணெயிலிருந்து உயிரி டீசல் தயாரிக்கிறார்கள்.