எல்லார்க்கும் எளிய இணையத்தளம்



1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், வையவிரிவலைக்கான திட்டத்தை வரைந்தளித்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அக்கூடம் அறிவித்தது. ஆகவே, இணையத்தளம் அமைக்கும் கலை நமக்கும் உரியதே.

இக்கலைக்கு இரண்டு குறிமொழிகள் அடிப்படையாகும். எச்.டி.எம்.எல். என்பது தலைப்பு, பத்தி, படம், இணைப்பு ஆகியவற்றை வகுக்கின்றது. இது வீட்டின் தூணும் சுவரும் போன்றது. சி.எஸ்.எஸ். என்பது நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை அமைக்கின்றது. இது சுவருக்குப் பூசும் வண்ணம் போன்றது.

ஆயினும், கட்டினால் மட்டும் போதுமா? செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து வீடு திரும்பிய தந்தை ஒருவர், மகளின் உதவிநிதி விண்ணப்பத்தைப் பற்றிக் கைப்பேசியில் தேடுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு வேண்டியவை இறுதி நாள், இணைக்கவேண்டிய பத்திரங்கள், பள்ளியின் தொலைபேசி எண் ஆகிய மூன்றே. அசையும் எழுத்துகளும் பெரும் படங்களும் அவற்றை மறைத்துவிட்டால், அவர் சலிப்புற்று விட்டுவிடுவார். குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய உதவியும் கைநழுவும்.

எனவே, நாம் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. முதன்மைச் செய்தி பக்கத்தின் மேற்பகுதியில் இருத்தல் வேண்டும்.

2. எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் நன்கு வேறுபடல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய நெறிமுறை, சாதாரண எழுத்துக்கு இவ்வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்கவேண்டும் என்கிறது.

3. படந்தோறும் அதன் பொருளைச் சொற்களால் குறித்தல் வேண்டும். பார்வையற்றோருக்குக் கணினி அதனைப் படித்துக் காட்டும்.

4. ‘இங்கே தட்டுக’ என்பதைவிட, ‘விண்ணப்பப் படிவத்தைப் பெறுக’ என்று எழுதுவதே தெளிவு.

இறுதியாகச் சோதனை. ஐவரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் புலப்படும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் வல்லுநர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். தாத்தாவிடமோ அத்தையிடமோ கைப்பேசியைக் கொடுத்து, “விண்ணப்பத்தின் இறுதி நாள் எது என்று பாருங்கள்” எனக் கேட்டுவிட்டு, வாய்திறவாமல் கவனிப்போம். அவர்கள் தடுமாறும் இடமே நாம் திருத்தவேண்டிய இடம். குறை அவர்களுடையதன்று, நம் அமைப்பினுடையதே.

மாணவர்களே! கணினி இல்லையே என்று கலங்க வேண்டா. வெள்ளைத்தாளில் பென்சிலால் பக்கத்தை வரைந்தும் இச்சோதனையைச் செய்யலாம். இன்றே தொடங்குவோம், பிறர்க்குப் பயன்படக் கற்பதே கல்வியின் பயன் என்பதை நினைவிற்கொள்வோம்.