உங்கள் ரெஸ்யூமே கம்ப்யூட்டர் கண்ணில் படுகிறதா?

"அம்பது கம்பெனிக்கு அனுப்பிட்டேன், ஒரு இடத்திலிருந்தும் போன் வரலை." வேலை தேடும் பலரும் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். படிப்பு இருக்கும், அனுபவமும் இருக்கும். ஆனால் அந்த ரெஸ்யூமேவை மனிதர் யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது ஒரு மென்பொருள்தான். சுருக்கமாக ஏ.டி.எஸ். என்பார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது?

உங்கள் ஃபைலில் உள்ள எழுத்துகளை மட்டும் உருவி எடுத்து, பெயர், போன் நம்பர், படிப்பு, அனுபவம், திறன் என்று தனித்தனிக் கட்டங்களில் போட்டுக்கொள்ளும். பிறகு நிறுவனத்தின் எச்.ஆர். அதிகாரி தனக்கு வேண்டிய சொற்களைப் போட்டுத் தேடுவார். அந்தச் சொற்கள் உங்கள் ரெஸ்யூமேவில் இல்லை என்றால், நீங்கள் பட்டியலில் கீழே போய்விடுவீர்கள். இதைச் சரிசெய்ய பணம் எதுவும் செலவாகாது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. அலங்காரத்தைக் குறையுங்கள்

டிசைன் ஆப்களில் கிடைக்கும் இரண்டு பத்தி டெம்ப்ளேட், கட்டம், ஐகான், திறமையைக் காட்டும் நட்சத்திரக் குறி எல்லாம் கண்ணுக்கு அழகுதான். ஆனால் மென்பொருள் இரண்டு பத்திகளையும் கலந்து படித்துவிடலாம். ஒரே பத்தியாக, மேலிருந்து கீழாக எழுதுங்கள். போன் நம்பரையும் மின்னஞ்சலையும் பக்கத்தின் ஹெடர் பகுதியில் வைக்காமல், பெயருக்குக் கீழேயே சாதாரண வரியாகக் கொடுங்கள். தமிழில் தயாரிப்பவர்கள் பழைய எழுத்துருக்களை விட்டுவிட்டு யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

2. விளம்பரத்தில் உள்ள சொல்லையே எழுதுங்கள்

ஒரு பி.காம். பட்டதாரி, "இரண்டு வருஷம் ஆபீஸில் கணக்கு வேலை பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். விளம்பரம் கேட்பதோ டாலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு. மூன்றையும் அவர் தினமும் செய்தவர்தான். ஆனால் அந்தப் பெயர்கள் தாளில் இல்லையே! "டாலி பிரைமில் தினசரிப் பதிவு, ஜி.எஸ்.டி.ஆர்-1, ஜி.எஸ்.டி.ஆர்-3பி ரிட்டர்ன் தயாரிப்பு, மாதாந்திர வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு" என்று எழுதினால் மென்பொருளுக்கும் புரியும், படிக்கும் அதிகாரிக்கும் புரியும். ஒவ்வொரு வேலைக்கும் விளம்பரத்தைப் படித்து இந்த வரிகளை மாற்றுங்கள். ஒரே ரெஸ்யூமேவை எல்லோருக்கும் அனுப்பாதீங்க.

3. தலைப்பும் தேதியும் தெளிவாக இருக்கட்டும்

"என் பயணம்" போன்ற தலைப்புகள் வேண்டாம். பணி அனுபவம், கல்வித் தகுதி, திறன்கள் என்று வழக்கமான தலைப்புகளே போதும். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வேலை பார்த்தீர்கள் என்பதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் அனுபவ ஆண்டு, உடனே சேர முடியுமா போன்ற கேள்விகளையும் காலியாக விடாதீர்கள். அந்தப் பதிலை வைத்தே வடிகட்டும் வசதி உண்டு.

4. போனிலேயே ஒரு சோதனை

ரெஸ்யூமே பி.டி.எஃப்-ஐ போனில் திறந்து, எழுத்தை அழுத்திப் பிடித்து, முழுவதையும் காப்பி செய்து, நோட்ஸ் ஆப்பில் பேஸ்ட் பண்ணுங்க. வரிகள் வரிசையாக வந்தால் நல்லது. முன்பின்னாகக் குழம்பினால் மென்பொருளுக்கும் அதே குழப்பம்தான். எழுத்தைத் தேர்வு செய்யவே முடியவில்லையா? அது போட்டோவாக இருக்கும். வேர்டு ஃபைலிலிருந்து மறுபடி பி.டி.எஃப். எடுங்கள். விளம்பரத்தில் வேர்டு ஃபைல் கேட்டிருந்தால் அதையே அனுப்புங்கள்.

5. பொய்யும் வேண்டாம், தேவையற்றதும் வேண்டாம்

தெரியாத திறனை எழுதாதீர்கள். சொற்களை வெள்ளை நிறத்தில் ஒளித்து வைக்கும் வேலையும் உதவாது. உருவி எடுக்கும்போது அது வெளியே தெரிந்துவிடும். மென்பொருளைத் தாண்டினாலும் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்களை ரெஸ்யூமேவில் போடவே கூடாது. வேலைக்காக முன்பணம் கேட்டு யாராவது ஏமாற்றிவிட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

எங்கே பதிவு செய்யலாம்?

தமிழக அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். அதற்கு முன் அந்த காப்பி, பேஸ்ட் சோதனையை இன்றைக்கே செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.