பறவைப் பார்வையில் ஒரு மலை ரயில் ஊர்

முதலாண்டில் என்ஜினியரிங் டிராயிங்கில் அரியர் வைத்தவன் நான். பிளான், எலிவேஷன் ஓரளவு வந்துவிடும். ஐசோமெட்ரிக் என்றால்தான் கை நடுங்கும். நெல்லிக்குப்பத்துக்காரனுக்கு மேடு பள்ளம் என்ன தெரியும்? கரும்பு வயலும் ரயில் பாதையும் சமதரையில் கிடக்கிற ஊராச்சே! அந்தப் பயத்தைப் போக்கியது குன்னூர் போன கல்விச் சுற்றுலாதான்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர். குன்னூர் சுமார் 1,700 மீட்டர். இந்த ஏற்றத்தில் 1899-ல் ரயில் ஓடத் தொடங்கியது. 1908-ல் ஊட்டி வரை நீண்டது. கல்லாறு தாண்டினால் சரிவு ஏறக்குறைய 12-க்கு 1. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். எனவே சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள். ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக நிற்கும். எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டே ஏறும்.

இப்படிப்பட்ட ஊரை பிளானில் போட்டால் பாதை ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். புது ரயில் ஊர்களுக்கு ஓவியர்கள் போய், தெருத்தெருவாக நடந்து கட்டடங்களை வரைந்துகொள்வார்கள். பிறகு வானத்தில் பறவை நின்று பார்ப்பதுபோல முழு ஊரையும் ஒரே தாளில் அமைப்பார்கள். ஃபௌலர் என்பவர் மட்டும் 400-க்கும் மேற்பட்ட படங்கள் போட்டிருக்கிறார். ஆனால் பெரும்பாலும் அளவு சரியாக இருக்காது. ஊர்ப்பெருமை பேசவும் விற்கவும் போட்ட படங்கள் அல்லவா!

நானும் அப்பர் குன்னூர் போகும் சாலையோரம் உட்கார்ந்து ஸ்டேஷன், பாதை, ஓட்டுக் கூரைகள் எல்லாம் வரைந்தேன். சார் பார்த்தார். "படம் ஜோரா இருக்குப்பா. இந்த வீடுங்களுக்குப் பின்னாடி என்ன இருக்கு? மேல பெய்ற தண்ணி எந்த வழியா இறங்கும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கூரைகளை வரைந்து ஓடையை மறைத்திருந்தேன்! 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை அவர் சொன்னபோது வாயடைத்துப் போனேன். படத்தில் மறைவது சில கோடுகள் மட்டுமல்ல.

அன்று கற்ற முறை இதுதான்:

1. பிளான் மீது சதுரக் கட்டம் போடு.
2. ஓடை நம்மை நோக்கி இறங்கும் பக்கமிருந்து பார்வையை வை.
3. அந்தக் கட்டத்தை 30 டிகிரி கோடுகளில் மாற்று.
4. ஒவ்வொரு மூலையிலும் காண்டூர் மட்டத்தை உயரமாக ஏற்று.
5. நீர்வழியை முதலில் போடு. வீடுகளைப் பின்னாலிருந்து முன்னாக வரை.
6. உயரத்தைக் கூட்டிக் காட்டினால் ஓரத்தில் எழுதிவிடு.
7. காண்டூர் பிளானையும் பக்கத்தில் வை. ஒன்றில் மறைவது மற்றதில் தெரியும்.

நம்ம பக்கம் மலை இல்லையே என்கிறீர்களா? 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? சமதரையில் அரையடி வித்தியாசம்தான் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரும் என்று தீர்மானிக்கிறது. லீவில் ஒரு லெவலிங் ஸ்டாஃபோடு உங்கள் தெருவை இப்படி வரைந்து பாருங்கள்.

அரியரா? அடுத்த தடவையே பாஸ் பண்ணிட்டேன்!