மக்காச்சோள இனிப்புப் பொரி: நுண்ணலை அடுப்பில் செய்யும் முறை

நம் குடியானவர்கள் மக்காச்சோளத்தைப் பெரும்பாலும் கோழித் தீவனத்தை உத்தேசித்தே பயிரிடுகின்றனர். பெரம்பலூர், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் விளையும் மணிகளில் பெரும்பகுதி தீவன ஆலைகளுக்கே செல்கிறது. அம்மணியை வாணலியில் இட்டால் வறுபடுமேயன்றி நன்கு பொரியாது. பொரிக்கு உரியது வேறோர் இனம். அதன் மணி சிறியது, தோல் தடித்தது, உள்ளிருக்கும் மாவு கண்ணாடி போன்று இறுகியது. ஆம்பர் பாப்கார்ன், பர்ல் பாப்கார்ன் என்னும் ரகங்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

எனினும் தக்க ரகத்தை விதைத்துவிட்டால் மட்டும் பொரி கிடைத்துவிடாது. நன்றாக விளைந்த பொரிச்சோளம் களத்திலேயே கெட்டுப்போவது உண்டு. இதன் காரணத்தை அறிய, மணி எவ்வாறு பொரிகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மணியின் மாவினுள் சிறிதளவு ஈரம் அடங்கியிருக்கிறது. சூடேறும்போது அவ்வீரம் நீராவியாக மாற முயல்கின்றது. தடித்த தோலோ அதை வெளியேற விடுவதில்லை. உஷ்ணம் ஏறத்தாழ 180 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது உள்ளழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்காகிறது. அப்போது தோல் வெடிக்கின்றது. குழைந்து நின்ற மாவு நுரைபோல் விரிந்து அந்நிலையிலேயே உறைந்து விடுகின்றது. ஆகவே ஈரமும் பழுதற்ற தோலும் ஆகிய இரண்டுமே பொரியின் முதல். நூற்றுக்குப் பதின்மூன்றரை முதல் பதினான்கு பங்கு வரை ஈரம் உள்ள மணியே உத்தமமாகப் பொரியும்.

தானியம் எவ்வளவு காய்ந்தால் அவ்வளவு நல்லது என்பது சேமிப்பைப் பற்றிய நம் பழைய அறிவு. நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் அது பொருந்தும், பொரிச்சோளத்திற்குப் பொருந்தாது. கொதிக்கும் சிமெண்டுக் களத்தில் நாட்கணக்கில் பரப்பிய மணி தன் ஈரத்தை இழப்பதோடு, விரைந்து காய்ந்த காரணத்தால் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளையும் அடைகின்றது. ஆதலால் கதிர் செடியிலேயே முற்றி, அதன் மட்டைகள் முழுவதும் உலர்ந்தபின் ஒடித்து, காற்றோட்டமுள்ள நிழலில் கதிராகவே உலர்த்துதல் நன்று. தடியால் அடித்து உதிர்ப்பதைக் காட்டிலும் கையால் திருகி உதிர்ப்பது மேல். தோலில் கீறல் விழுந்தால் ஆவி அவ்வழியே கசிந்துவிடும். உதிர்த்த மணியைச் சாக்கில் வைக்காமல் காற்றுப் புகாத தகர டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ அடைத்து வைக்கவேண்டும்.

ஈரமானி இல்லாதவரும் ஒரு சோதனை செய்யலாம். நூறு மணிகளை எண்ணி, மூடிய வாணலியில் பொரித்து, பொரியாதவற்றை எண்ணிப் பார்க்க. பாதிக்குப் பாதி நின்றுவிட்டால் மணி மிகவும் காய்ந்துவிட்டது என ஐயுறலாம். அவ்வாறாயின் அறுநூறு கிராம் மணிக்கு ஒரு மேசைக்கரண்டி நீர் தெளித்து, ஜாடியை மூடி, நீர் முழுதும் உறிஞ்சப்படும் வரை அடிக்கடி குலுக்கி, மூன்று நான்கு நாட்கள் கழித்து மீண்டும் சோதிக்க. பொரி சிறுத்துச் சவ்வுபோல் இருந்தால் ஈரம் மிகுதி என்று பொருள். நிழலில் இன்னும் சில நாட்கள் உலர்த்துக. தோல் பழுதான மணிக்கு மட்டும் இச்சிகிச்சை பயன் தராது.

இனி அடுப்பைப் பற்றிச் சிறிது. அமெரிக்காவில் ராடார்க் குழாய்கள் செய்த ஒரு கம்பெனியில் பணிபுரிந்த பெர்சி ஸ்பென்சர் என்பார் 1945-ஆம் ஆண்டில் நுண்ணலைகளால் உணவைச் சூடாக்கும் முறையைக் கண்டார். அவர் தொடக்கத்தில் சோதித்த பதார்த்தங்களுள் சோளமணியும் ஒன்று. வாணலியில் உஷ்ணம் வெளியிலிருந்து உள்ளே செல்கின்றது. நுண்ணலை அடுப்பிலோ அலைகள் மணியினுள் இருக்கும் நீரையே அசைத்துச் சூடாக்குகின்றன. ஆகையால் காய்ந்த மணி இங்கே இருவகையிலும் தோற்கும்.

நாற்பது கிராம் மணியை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டி, நுண்ணலைக்கு ஏற்ற இரண்டரை லிட்டர் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரே படலமாகப் பரப்புக. பாத்திரம் பெரிதாயிருக்கிறதே எனத் தயங்க வேண்டாம். பொரி அதை நிரப்பிவிடும். அத்தகைய பீங்கான் தட்டொன்றால் இறுக்கமின்றி மூடி, ஆவி வெளியேறச் சிறிது இடம் விடுக. இல்லையேல் பொரி நமுத்துவிடும். முழு வேகத்தில் சுமார் மூன்று முதல் நான்கு நிமிஷங்கள் பிடிக்கும். ஆயினும் கடிகாரத்தை நம்பாமல் காதை நம்புக. இரு வெடிப்புகளுக்கு இடையே இரண்டு விநாடி செல்லுமாயின் நிறுத்தவேண்டும். எஞ்சிய மணிகளுக்காகக் காத்திருந்தால் பொரிந்தவை கருகிப் புகையும், தீப்பற்றுவதும் உண்டு. பாத்திரம் மிகச் சூடாயிருக்குமாதலால் தடித்த துணியால் எடுக்கவும்.

சர்க்கரையை மணியோடு சேர்த்தே அடுப்பில் இடலாகாது. மணி பொரியும் உஷ்ணத்திற்கு முன்னதாகவே சர்க்கரை பழுப்பேறிக் கசக்கத் தொடங்கும். வெல்லம் இன்னும் விரைவில் தீய்ந்துவிடும். கார்த்திகைத் தீபத்திற்கு நெற்பொரி உருண்டை பிடிக்கும் நம் சகோதரிகள் பின்பற்றும் முறையே இதற்கும் சிறந்தது. ஐம்பது கிராம் வெல்லத்தை இரண்டு மேசைக்கரண்டி நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுக. ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ஓசை எழும் பதத்தில் இறக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யும் சுக்கு, ஏலப்பொடியும் சேர்த்துப் பொரியின்மேல் ஊற்றி மரக்கரண்டியால் புரட்டுக. பாகை நுண்ணலை அடுப்பிலும் காய்ச்சலாம். ஆனால் அது திடீரெனப் பொங்கும், பதம் பார்ப்பதும் எளிதன்று. சாதாரண அடுப்பையே நாம் சிபாரிசு செய்வோம். பாகு கொதிநீரைக் காட்டிலும் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்வது. குழந்தைகளை அருகில் விடலாகாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொரியே கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கடையில் பையோடு விற்கும் பொரிச்சோளம் இருக்க இத்தனை உழைப்பு ஏன் என்று கேட்பர். அமெரிக்காவின் மிசௌரியில் அத்தகைய பைகளைத் தயாரித்த ஓர் ஆலையில், வெண்ணெய் மணத்திற்காகச் சேர்த்த டைஅசிட்டைல் என்னும் பொருளின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் சிலர் கொடிய நுரையீரல் நோய்க்கு ஆளானது 2000-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பைக் காகிதத்தில் எண்ணெய் ஊறாதிருக்கப் பூசப்பட்டு வந்த, எளிதில் அழியாத புளோரின் சேர்க்கைகளின் விற்பனை அந்நாட்டில் நின்றுவிட்டதாக அரசாங்கம் 2024-இல் அறிவித்தது. அவரவர் வீட்டு மணியில் இக்கவலைகள் இல்லை; செலவும் சொற்பம்.

ஆறிய பொரியை உடனே டப்பாவில் அடைக்கவேண்டும். மழைக்காலத்தில் வெல்லப்பாகு விரைவில் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். பாகு ஊற்றுமுன், அடியில் பொரியாது நின்ற மணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுக. அவை பல்லை உடைக்கும். கருகாதவற்றை இடித்துக் கோழிகளுக்குப் போடலாம்.