சுட்டெண்ணை எட்டுத் தரம் பார்க்கிற பிள்ளை

கேள்வி: என் மகளுக்கு 18 வயது. சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் ஏ. இப்போது உயர்தரம், உயிரியல் பிரிவு. ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளை. ஆனால் ஆறேழு மாதமாக ஒரு பாடத்தை வாசித்து முடிக்க அவளால் முடியவில்லை. ஒரு பந்தியை வாசித்ததும் “சரியா வாசிச்சேனா” என்று மறுபடி முதல் வரிக்குப் போகிறாள். எழுதிய தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறாள். டியூஷன் பேப்பரில் சுட்டெண்ணைப் போட்டுவிட்டு விரல் வைத்து எட்டுத் தரம் பார்க்கிறாள். எட்டுத்தான் கணக்கு. நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. படுக்க இரவு இரண்டு மணியாகிறது. வகுப்பிலிருந்து வந்ததும் “அம்மா, நான் பேரைச் சரியாத்தானே எழுதினேன்?” என்பாள். “சரியாத்தான் எழுதியிருப்ப” என்பேன். பத்து நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி.

வெள்ளிக்கிழமை தவறாமல் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருகிறவள். இப்போது கும்பிட்டு வெளியே வந்ததும் திரும்ப உள்ளே போகிறாள். சில வாரம் வரவே மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால் அழுகிறாள். இவளுடைய அப்பா தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறார். அவரும் இரவில் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவர்தான். “என் பிள்ளை என்னைப் போலக் கவனமானவள்” என்கிறார். மாமியார் கண்ணூறு என்று நூல் கட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர்தான் மனநல டொக்டரிடம் காட்டச் சொன்னார். மருந்து கொடுத்தால் தூங்கி வழிந்து படிப்புப் போய்விடுமா? இந்தக் கவனம் போய்விட்டால் மார்க்ஸும் போய்விடாதா? அடுத்த மாசி மகத் தேருக்கு அவளைக் கூட்டிப் போகலாமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஒரு தாய், ரத்தோட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. “நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.”

கவனமான பிள்ளை சுட்டெண்ணை ஒரு தரம் பார்ப்பாள். பரீட்சைப் பதற்றம் இருந்தால் இரண்டு தரம். சரி என்று கண்டதும் பேனை முதல் கேள்விக்குப் போய்விடும். உங்கள் மகளுடைய கண்ணும் முதல் தரத்திலேயே சரி என்று கண்டுவிட்டது, மனம்தான் ஒப்பவில்லை. மனம் ஒப்புவதற்காக அவள் ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அந்தக் கணக்குக்கும் சுட்டெண்ணுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் கவனமாக இருக்கிறாள் என்று நான் சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் சொல்வேன்.

கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிப்பது வைத்தியனுக்கு அழகில்லை. நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஓ.சி.டி. என்கிற, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று நாங்கள் எழுதுகிற ஒன்றைத்தான் காட்டுகின்றன. வேண்டாத ஒரு எண்ணம் அழையாமல் வரும், பயம் ஏறும், அதைத் தணிக்க ஒரு செயலைச் செய்தாக வேண்டும். சரிபார்த்தல், கழுவுதல், எண்ணுதல், திரும்பக் கும்பிடுதல், அம்மாவிடம் கேட்டல் எல்லாமே அந்தச் செயல்கள்தான். இவை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தின்றால், அல்லது படிப்பையும் தூக்கத்தையும் குழப்பினால், அதற்குப் பிறகு அது குணமல்ல, நோய். இரவு இரண்டு மணி என்கிறீர்கள். அந்த எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று.

சரிபார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் இந்த நோய்க்குத் தீனி. கைமாற்று வாங்கிக் கடனை அடைப்பது போலத்தான். இன்றைக்கு மூச்சு விடலாம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட வாங்க வேண்டும். இன்று எட்டு, விட்டால் பன்னிரண்டாகும்.

ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு நோய் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் இந்த நோய் நெடுநாள் ஒளிந்திருப்பது அதனால்தான். சோதித்துச் சோதித்துப் போன நேரத்தை அவர்கள் முதலில் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு விளையாட்டிலிருந்து, பிறகு சிநேகிதிகளிடமிருந்து. புள்ளி குறைவது கடைசியில். வீட்டில் எல்லோரும் விழிப்பதும் அப்போதுதான். நீங்கள் புள்ளி குறையும் முன்னே எழுதியிருக்கிறீர்கள். அந்த டீச்சருக்கு என் வணக்கம்.

“கவனம் போனால் மார்க்ஸ் போகாதா” என்ற கேள்வி உங்களுடையது மட்டுமல்ல. சிகிச்சைக்கு வருகிற பொறியியல் மாணவர், வங்கி அதிகாரி, ஏன் வைத்தியர்கள்கூட இதைத்தான் முதலில் கேட்பார்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். உயர்தர உயிரியல் முதலாம் வினாத்தாளில் 50 கேள்வி, 2 மணித்தியாலம். ஒரு கேள்விக்கு 144 விநாடி. போட்ட புள்ளடியை மறுபடி மறுபடி பார்க்க ஒவ்வொன்றிலும் 30 விநாடி போகிறது என்று வையுங்கள். 50 கேள்விக்கு 25 நிமிடம். பத்துக் கேள்வி செய்கிற நேரம் அது. அவளை ஒன்பது ஏ எடுக்க வைத்தது இந்த நோயல்ல, இப்போது நோயையும் தூக்கிக்கொண்டு அவள் ஓடுகிறாள்.

பிள்ளைகளை நான்காம் தசமதானம் வரை பிரித்து வரிசையில் நிறுத்துகிற இசட் புள்ளி முறை 2001 முதல் நம் நாட்டில் இருக்கிறது. சந்தேகப்படுகிற மனதுக்கு அது நல்ல உரம். ஆனால் விதை அதுவல்ல. இப்படிப் பரீட்சைப் போட்டி இல்லாத நாடுகளிலும், பரீட்சையே இல்லாத வயதிலும் இந்த நோய் வருகிறது. குடும்பத்தில் ஓடுகிற தன்மையும் இதற்கு உண்டு.

இனி அந்தக் கோயில் விஷயம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். திரும்ப உள்ளே போகிறாள், வர மறுக்கிறாள், கேட்டால் அழுகிறாள். சந்நிதியில் நிற்கும்போது அவள் மனதில் அசிங்கமான ஒரு சொல்லோ, காட்சியோ, அம்மனை ஏசுகிற ஒரு நினைப்போ வந்து விழுந்துகொண்டிருக்கலாம். வெட்கத்தில் இதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். “நான் இவ்வளவு கெட்டவளா” என்று உள்ளுக்குள் நொறுங்குவார்கள். பக்தி இல்லாதவளுக்கு இந்த எண்ணம் வந்தால் ஒரு வலியும் இராது. எதை ஒருவர் மிக நேசிக்கிறாரோ அதன் மேல்தான் இந்த நோய் கை வைக்கும். குழந்தையை உயிராக நினைக்கும் இளம் தாய்க்குக் கத்தியைக் கண்டால் பயம் வருவதும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட எண்ணங்கள் நோயாளிகளுக்கு மட்டும் வருவதில்லை என்று காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். பத்மால் டி சில்வா என்ற இலங்கை உளவியலாளர் லண்டனில் ஸ்டான்லி ராக்மனுடன் சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு இதே வகை அசிங்கமான, பயங்கரமான எண்ணங்கள் வந்து போகின்றன என்று கண்டார்கள். உள்ளடக்கத்தை மட்டும் வைத்து எது நோயாளியின் எண்ணம், எது மற்றவருடையது என்று பிரிப்பதும் எளிதாக இருக்கவில்லை. மற்றவர்கள் “சீ” என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். உங்கள் மகள் அதைப் பிடித்துவைத்து விசாரிக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாத்தளைக்காரர்களுக்கு அது பிடிக்கும். பாளி திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது உங்கள் ஊர் அலுவிகாரையில் என்பது மரபு. அந்தத் தொகுப்பில் மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சூத்திரம், வேண்டாத எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று ஐந்து வழி சொல்கிறது. இன்றைய நடத்தைச் சிகிச்சையோடு அவற்றை ஒப்பிட்டு எழுதியவரும் இதே டி சில்வாதான். அதில் எண்ணத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு வழி. பல்லைக் கடித்து அமுக்குவது கடைசி வழி. எண்ணச் சுழற்சி உள்ளவர்களுக்கு முதலில் சொன்னது உதவும், பல்லைக் கடிப்பது உதவாது. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுவே வந்து நிற்கிறது என்பதை அமெரிக்காவில் டானியல் வெக்னர் 1987இல் பரிசோதித்தே காட்டிவிட்டார். “அதை நினைக்காதம்மா” என்று மகளிடம் சொல்லாதீர்கள்.

சிகிச்சைக்கு வருவோம். 1966 வரை இந்த நோயைப் பேசியோ பழக்கியோ மாற்ற முடியும் என்ற நம்பிக்கை பெரிதாக இருக்கவில்லை. அந்த ஆண்டு லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். பயப்படுகிற காரியத்தைச் செய்ய வைத்து, பிறகு வழக்கமாகச் செய்கிற கழுவலையோ சடங்கையோ செய்ய விடாமல் தாதியர் கூடவே இருந்தார்கள். பயம் ஏறியது, நின்றது, தானாக இறங்கியது. இன்று உலகெங்கும் இந்த நோய்க்கு முதல் தெரிவாக இருக்கும் சிகிச்சைக்கு அதுதான் வித்து. இப்போது யாரையும் வற்புறுத்துவதில்லை. பிள்ளையும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து பயங்களுக்குப் புள்ளி போட்டு, குறைந்ததிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். வாரம் ஒரு தரமென்றால் பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வு.

உங்கள் மகளுக்கு முதல் படி, ஒரு பந்தியை ஒரே தரம் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதாக இருக்கலாம். அடுத்தது, டியூஷன் பேப்பரில் சுட்டெண்ணை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்ப்பது. பிறகு வேண்டுமென்றே ஒரு எழுத்துப் பிழையோடு கட்டுரையைக் கொடுத்துவிட்டு வருவது. இதைக் கேட்டால் அவள் முகம் வெளிறும். அந்த வெளிறல்தான் பாடம்: சந்தேகத்தைத் தீர்க்காமல் அதோடு உட்கார்ந்திருக்கலாம், ஒன்றும் இடிந்து விழாது என்பதை அவள் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அவளுக்கு ஏற்கெனவே எல்லாம் புரியும், கெட்டிக்காரி அல்லவா.

மருந்து பற்றிய பயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதற்குக் கொடுப்பது பெரும்பாலும் செர்ட்ராலின், ஃபுளூஒக்சடீன் போன்றவை. தூக்க மருந்தல்ல, அடிமைப்படுத்துவதுமில்லை. முதல் சில நாள் வயிற்றைப் புரட்டலாம், தலை வலிக்கலாம், சிலருக்குத் தூக்கம் முன்பின்னாகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஆகவே பரீட்சைக்கு முதல் மாதம் போய் நிற்காதீர்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களை முதல் வாரங்களில் கவனமாகப் பார்க்க வேண்டும். படபடப்புக் கூடினாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள். சுகமாயிற்று என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரையான 112 பிள்ளைகளைப் பார்த்தார்கள். சிகிச்சைப் பயிற்சியும் மருந்தும் சேர்ந்தபோதுதான் பலன் அதிகம். மகளுக்கு இரண்டும் வேண்டுமா, பயிற்சி மட்டும் போதுமா என்பதை நேரில் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கும். “சரியாத்தான் எழுதியிருப்ப” என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவளுடைய ஒன்பதாவது சரிபார்த்தலைச் செய்து கொடுக்கிறீர்கள். எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள், குற்றம் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே கதவை அடைத்தது போல் நிறுத்திவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் அவளுக்கு அம்மாவும் இல்லை என்றாகும். முதலில் ஒரு வாரம் எத்தனை தரம் கேட்கிறாள் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வையுங்கள். கிளினிக்குக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு போங்கள், என் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. பிறகு அவளோடு பேசி ஒப்பந்தம் செய்யுங்கள், அவள் சம்மதத்தோடு. இனிக் கேட்டால், “இதை நீ கேக்குறியா, அது கேக்குதா?” என்று மட்டும் கேட்பேன், பதில் சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்தில் இருப்பேன். ஒரு வாரம் அழுகையும் கோபமும் கூடும். அதைக் கண்டு இடையில் ஒரு தரம் இரங்கிப் பதில் சொன்னால், இன்னும் அதிகம் அழுதால் பதில் கிடைக்கும் என்றுதான் அந்த நோய் கற்றுக்கொள்ளும்.

எங்கே போவது? மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள், இலவசம். அங்கிருந்து தேவைப்பட்டால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள். தமிழில் இந்தப் பயிற்சியைச் செய்கிறவர்கள் மலையகத்தில் குறைவு. அதனால் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்ப்பாளராக உட்காராதீர்கள்; கோயில் விஷயத்தை அவள் உங்கள் முன்னால் சொல்ல மாட்டாள். அவளைத் தனியே பேச விடுங்கள். அவசரமென்றால், நள்ளிரவானாலும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மகளின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பது உங்களுக்குத் தொல்லையாக இல்லையென்றால் அது உங்கள் பாடு. ஆபீஸ் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து கூட்டிக் கூட்டிப் பார்த்துத் தூக்கம் கெடுகிறதென்றால், மகளோடு நீங்களும் போய்ச் சொல்லுங்கள். ஐம்பது வயதிலும் இந்தப் பயிற்சி வேலை செய்யும். “என்னைப் போலக் கவனமானவள்” என்பதை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்தப் பாராட்டை அவள் இரவு இரண்டு மணி வரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

மாமியார் கட்டிய நூல் கையில் இருக்கட்டும், அதை அறுத்து வீட்டில் சண்டை வேண்டாம். கிளினிக் நாளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

தேருக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஐந்து தேரும் வீதிக்கு வருகிற அந்தக் கூட்டத்துக்கு அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போனால், தவிர்க்கிற பழக்கத்துக்கு நீங்களே சந்தனம் வைத்ததாகும். கும்பிட்டு வெளியே வந்ததும் “அம்மா, இன்னொரு தரம் உள்ளே போயிட்டு வாறேன்” என்பாள். கையைப் பிடித்துக்கொண்டு கடலைக்காரர் இருக்கிற பக்கம் நடந்துவிடுங்கள்.