தில்லிக் குளிரும் வாடகை அறையும்

தில்லி மொட்டைமாடி அறைகளில் குடியிருக்கும் நம் மாணவ நண்பர்களுக்குச் சனவரி இரவு ஒரு சோதனை. சில நாட்களில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். 1,000 வாட் மின்கணப்பு மணிக்கு 1 யூனிட் மின்சாரம் விழுங்கும். இரவெல்லாம் எரித்தால் கைப்பணம் கரையும். ஆனால் உறங்கும் மனித உடலே ஏறத்தாழ 75 வாட் வெப்பம் தரும் கணப்பன்றோ? அதை வெளியேறாமல் காத்தலே வழி. பஞ்சிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே ரஜாயை வெயிலில் உலர்த்தி உப்பச் செய்க. மெத்தைக்கடியிலும் கம்பளம் விரிக்க.

வீட்டுக்காரர் பரிவுடன் தரும் அங்கீட்டி எனும் கரியடுப்பை மூடிய அறையில் வைத்து உறங்கற்க. புகையற்ற கனலிலும் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். மணமோ நிறமோ அதற்கில்லை; ஹீமோகுளோபினை ஆக்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றும். முதலாண்டில் யானும் அவ்வாறு படுத்துக் கடுந்தலைவலியுடன் விழித்தேன்; கதவிடுக்கே காத்தது. குளிர் காய்ந்தபின் அடுப்பை வெளியே வைத்துவிட்டே படுக்க வேண்டும்.