விதைப்பாத்தியும் அண்டை வீட்டுப் பூனையும்

நமது அங்கத்தினர்களுள் நெசவுத் தொழிலோடு வீட்டுக் கொல்லையில் நாலைந்து பாத்தி கீரையும் கத்தரியும் மிளகாயும் பயிரிடுவோர் பலர். தறியில் அமர்ந்த நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் மண்ணைக் கொத்தி, தொழுவுரமும் சாம்பலும் கலந்து, கட்டி உடைத்துச் சமன் செய்து, மணலோடு கலந்த கீரை விதையைத் தூவிவிட்டு உறங்கச் செல்கின்றனர். பொழுது விடிந்து பார்த்தால் பாத்தியின் நடுவே இரண்டு குழிகள் இருக்கும். விதை ஒருபுறம் குவிந்தும், மறுபுறம் ஆழப் புதைந்தும் கிடக்கும். முகஞ்சுளிக்க வைக்கும் நாற்றமும் உடன் இருக்கும். இது பூனையின் வேலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய பூனை என்பதில்தான் வழக்குத் தொடங்குகிறது.

அவ்வழக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஒரு நெசவாளர் குடியிருப்பில் அடுத்தடுத்து வசிக்கும் இரு வீட்டார். இருவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்கள். ஒருவருடைய கத்தரி நாற்றங்கால் இரண்டு முறை கலைக்கப்பட்டது. மூன்றாம் முறை அவர் கருவாட்டுத் தலையில் எலி மருந்தைத் தடவி வேலியோரம் வைத்துவிட்டார். அடுத்த வீட்டுப் பூனை மாண்டது. அவருடைய சொந்தக் கோழிகள் இரண்டும் மாண்டன. அன்று முதல் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்குப் பல கைகள் வேண்டும் என்பதை நெசவாளர் யாவரும் அறிவர். விடியற்காலையில் ஒருவர் பாவுக்கு மற்றவர் கைகொடுத்து வந்த அக்குடும்பங்கள், கூலிக்கு ஆள் தேடும் நிலைக்கு வந்தன. நாற்றின் மதிப்போ சில ரூபாய்தான்.

நஞ்சு வைத்தல் சட்டப்படியும் குற்றமாகும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதனைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி, ஒரு பிராணியைக் கொன்றோ நஞ்சிட்டோ முடமாக்கியோ நட்டம் விளைவித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஆதலின் அப்பேச்சை இத்துடன் விடுத்து, வேறு வழி காண்போம்.

முதற்கண், பூனை நமக்குப் பகையன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். கஞ்சி ஏறிய பாவு எலிக்கு உணவாகிறது. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் முன்பற்களைத் தேய்ப்பதற்காகவும் எலி எதையேனும் கொறித்தே ஆக வேண்டும். ஓர் இரவில் அது கடித்த இழைகளைப் பிணைப்பதற்கு நெசவாளர் ஒரு பகலைச் செலவிட நேரும். சுண்டெலியையும் எலிக்குஞ்சுகளையும் பூனை நன்கு பிடிக்கும். பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும், 1960ஆம் ஆண்டில் போர்னியோத் தீவின் சாரவாக் மலைப்பகுதியிலுள்ள பாரியோவில், பயிரை அழித்த எலிகளை அடக்குதற்குப் பிரிட்டிஷ் விமானப்படையினர் இருபதுக்கு மேற்பட்ட பூனைகளைப் பாராசூட் மூலம் இறக்கினர் என்றால், அதன் பயனை வேறு எவ்வாறு விளக்குவது? நாம் விரும்புவது பூனை தெருவில் இருக்க வேண்டும், பாத்தியில் இருத்தலாகாது என்பதே.

இனி, அது பாத்தியை நாடுவதற்குரிய காரணத்தை ஆராய்வோம். பூனை தன் மலத்தை மண்ணிற் புதைக்கும் இயல்புடையது. அதற்கு உலர்ந்த, பொலபொலப்பான, பிடியற்ற மண் வேண்டும். விதைப்பதற்காக நாம் பக்குவப்படுத்தும் மண் அத்தகையதே. நாம் கீரைக்கென்று விரித்த படுக்கை பூனைக்கென்றே விரித்ததுபோல் அமைந்துவிடுகிறது! ஒருமுறை பயன்படுத்திய இடத்தை நாற்றத்தால் அறிந்து மீண்டும் அங்கேயே வரும். ஆகவே குழியை வெறுமனே மூடிவிடுவது போதாது. மலத்தையும், அதனைச் சூழ்ந்த மண்ணை ஒரு சாண் அளவுக்கும் எடுத்து அப்புறப்படுத்திய பின்னரே மீண்டும் விதைக்க வேண்டும்.

நாமே அதனை அழைத்து வருவதும் உண்டு. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலத்தை இயற்கை வேளாண்மை செய்வோர் இப்பொழுது மிகுதியாகக் கையாளுகின்றனர். பயிருக்கு அது நல்லதே. ஆயினும் அந்த வாடைக்குப் பூனை வாராதிருக்குமா? முருங்கைக்கும் ரோஜாவுக்கும் அடியில் மீன் தலையைப் புதைப்பதும் அவ்வாறே. விதைத்த பாத்தியருகில் இவற்றைத் தவிர்ப்பது நலம். மற்றொன்று குப்பைமேனிச் செடி. அதற்குப் பூனைவணங்கி என்னும் பெயர் காரணமின்றி ஏற்பட்டதன்று. களையெடுக்கும்போது அதன் வேர் வெளிப்பட்டுக் கிடந்தால், பூனைகள் மோந்து, முகம் தேய்த்து, அதன்மீது புரளும். களை பிடுங்கிய அன்றே வேரோடு அள்ளித் தொலைவில் எறிந்துவிட வேண்டும்.

தடுப்பு முறைகளில் மிகச் சிறந்தது, மண்ணைத் தோண்டுதற்கு இடமின்றிச் செய்வதே. வேலியை உயர்த்துவதால் அதிகப் பயனில்லை. தன் உயரத்தைப்போல் பல மடங்கு உயரம் தாவக்கூடிய பிராணிக்கு நாலடி வேலி ஒரு படிக்கட்டேயாகும். விதைத்தவுடன் மூங்கில் தப்பைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டங்குல இடைவெளி விட்டுப் பாத்தியின்மீது படுக்க வைத்துக் கட்டலாம். இரண்டங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைத் தரையோடு பதித்து ஓரங்களில் கல் வைப்பது இன்னும் எளிது. முளை அக்கண்களின் வழியே மேலெழும். பூனையின் பாதமோ மண்ணைப் பற்றாது. நைலான் வலையைத் தளர்வாக விரித்தல் கூடாது. பூனைக்குட்டியும் ஓணானும் அதிற் சிக்கி மடியும். வலைக்குச் செலவிட இயலாதோர், பருத்தி மிளாறுகளை நாலங்குலத்துக்கு ஒன்றாகச் செங்குத்தாக நட்டுவைக்கலாம். பூனைக்குத் திரும்பி உட்கார இடமில்லாமற் போவதே இதன் சூட்சுமம். கருவேல முள்ளும் பயன்படும். ஆனால் கொல்லையில் வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை நாம் சொல்ல மாட்டோம்.

நாற்றங்காலுக்கு வைக்கோல் மூடாக்கு இடுவோர் அதன்மேலும் குச்சிகளைப் பரப்ப வேண்டும். இல்லையேல் வைக்கோலே பூனைக்குப் படுக்கையாகிவிடும். தென்னை நார்க்கழிவும் மென்மையாயிருப்பதால் அதனை மட்டும் பரப்புவது பயன் தராது. தேங்காய் மட்டைத் துண்டுகளே ஏற்றவை. நடவு செய்த கத்தரி, மிளகாய் வரிசைகளுக்கிடையே வெற்று மண் தெரியாதபடி மட்டைகளைப் பரப்பினால் ஈரமும் காக்கப்படும். மாலையில் நீர் பாய்ச்சுவதும் நல்லது. நனைந்து படிந்த மண்ணைப் பூனை விரும்புவதில்லை.

தடுப்பதோடு நின்றால் பூனை அடுத்த வீட்டுப் பாத்திக்குச் செல்லும். நம் தொல்லை நம் பக்கத்து அங்கத்தினருக்குப் போய்ச் சேரும். ஆதலால் அதற்கென ஓரிடம் ஒதுக்குதல் வேண்டும். கொல்லையின் மூலையில், மழை படாத நிழலில், மூன்றடி நீளமும் மூன்றடி அகலமுமாக உலர்ந்த மணலை அரையடி ஆழத்திற்குக் கொட்டி, பாத்தியிலிருந்து எடுத்த பழைய மண்ணில் ஒரு பிடியை முதலில் அதிற் கலந்துவிட்டால் பூனை தானாகவே இடத்தை அறிந்துகொள்ளும். இதனை நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும். அழுக்கான இடத்தைப் பூனை கைவிட்டுவிடும்.

நாள்தோறும் என்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் 1908இல் கண்டறியப்பட்டது. அது பூனையின் மலத்தின் வழியே பரவுகிறது என்பது 1970ஆம் ஆண்டையொட்டி உறுதிப்பட்டது. நோய்பற்றிய பூனை, பெரும்பாலும் இளம்பூனை, ஒன்று முதல் மூன்று வாரம் வரை அதன் கருக்களை வெளியிடும். வெளிவந்தவுடன் அவை தொற்றுவதில்லை; ஒன்று முதல் ஐந்து நாள் கழித்தே தொற்றும் தன்மை பெறுகின்றன. அதற்குள் மலத்தை அகற்றிவிட்டால் அபாயம் பெரிதும் நீங்கும். அகற்றாவிடில் ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் அவை உயிரோடிருக்கும். உடல்நலமுள்ளவருக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை. கருவுற்ற பெண்டிருக்கு முதன்முறையாகத் தொற்றினால் சிசுவின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆகவே அவர்கள் அம்மணலைத் தொடலாகாது. தோட்ட வேலை செய்ய நேர்ந்தால் கையுறை அணிந்து, பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். பச்சையாக அரைக்கும் கொத்தமல்லியையும் புதினாவையும் பலமுறை அலச வேண்டும். பூனை மலத்தை எருக்குழியில் இடுதல் அறவே கூடாது.

பலரும் கையாளும் சில உபாயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீல நீர் நிரப்பிய பாட்டில்களைத் திண்ணையில் அடுக்குவது பூனையைத் தடுப்பதாக நாம் கண்டதில்லை. பாட்டில் நிழலிலேயே அது படுத்துறங்கக் கண்டதுண்டு. மிளகாய்த்தூள் காற்றில் நம் கண்ணுக்கே திரும்பி வரும். பூனையின் கண்ணுக்கும் கொடுமை செய்யும். அந்துருண்டை நச்சுப்பொருள். மண்ணில் போடுவதற்கு உரியதன்று. மிட்டாயென்று குழந்தை வாயிலிடவும் கூடும்.

பூனைகளின் தொகை பெருகுவதே மூலகாரணமாயுள்ள தெருக்களும் உண்டு. பெண்பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவமடையலாம். சுமார் ஒன்பது வாரச் சூலுக்குப்பின் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும். ஓராண்டில் இரண்டு மூன்று ஈற்றும் கூடும். பால் ஊற்றி வளர்ப்போர், கால்நடை மருத்துவரை அணுகிக் கருத்தடை செய்விக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். செலவைத் தெருவார் பகிர்ந்துகொள்ளலாம்.

மேலே கூறிய குடியிருப்பில், மறு பருவத்தில் நான்கு வீட்டார் பணம் சேர்த்து ஆறடிக்கு மூன்றடி அளவில் கம்பி வலைச் சட்டம் இரண்டு செய்துகொண்டனர். கீரைக்கு மூன்று வாரம், கத்தரி நாற்றுக்கு ஐந்து வாரம் என்று தவணை வைத்து, விதைக்கும் நாளை முன்னதாகவே பேசி முடிவு செய்கின்றனர். பகைத்திருந்த இருவரும் அந்நால்வரில் அடங்குவர். சட்டத்தை ஒரு வேலியிலிருந்து மறு வேலிக்குத் தூக்கிக் கொடுக்க இரண்டு ஆள் வேண்டும்.